வீட்டைப் புதுப்பிக்கக் கான்ட்ராக்டர் பிடிக்கும்போது பெங்களூரில் நடக்கும் தவறுகள்

அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ பழைய வீட்டை இடித்துத் திருத்தப் போகிறோம் என்றால், பேச வருபவர் பல நேரம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மேஸ்திரியாக இருப்பார். "நம்ம ஊர்க்காரர்தானே, எழுத்து எதுக்கு?" என்று வாய்ப்பேச்சிலேயே வேலை ஆரம்பித்துவிடும். சமையலறை இடிந்து கிடக்கும்போதுதான் சண்டை வரும்: கிரானைட் யார் கணக்கு, பழைய குழாயை மாற்றுவது பேசிய தொகைக்குள் வருமா?

இந்தச் சண்டையின் வேர் பெரும்பாலும் சதுர அடி ரேட்தான். முப்பதுக்கு நாற்பது மனையில் புதிதாகக் கட்டினால் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். புதுப்பிக்கும் வேலையில் ஒரு அறைக்கு வெறும் பெயின்ட், அடுத்த பாத்ரூமில் தளம் வரை கொத்த வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே ரேட் சொல்பவர் ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பார், இல்லையென்றால் நடுவில் கை விரிப்பார். வேலை வாரியாகக் கொட்டேஷன் கேளுங்கள்: இடிப்பது, பூச்சு, டைல்ஸ் சதுர அடிக்கு, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை) ரன்னிங் அடிக்கு, அதாவது நீளக் கணக்கில், வயரிங் பாயிண்டுக்கு. மூன்று பேரிடம் கேட்டாலும் ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

பட்டியலில் பொருளின் தரமும் இருக்க வேண்டும். "நல்ல பிளைவுட்" என்று எழுதினால் எதைப் போட்டாலும் நல்லதுதான். தண்ணீர் படும் சமையலறைக்கு ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்), அலமாரிக்கு ஐஎஸ் 303 (சாதாரணப் பயன்பாட்டுக்கானது), கனம் 18 மி.மீ. என்று எழுதுங்கள். வயரில் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மி.மீ. காப்பர். பூச்சையும் பெயின்டையும் அளக்கும்போது கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்; கடைசி பில்லில் தகராறு அங்கேதான் கிளம்பும். இடித்த குப்பையை எத்தனை லோடானாலும் அகற்றுவது யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வரட்டும்.

ஓப்பன் கிச்சன் ஆசையில் சுவரை எடுக்கச் சொல்வது இன்னொரு ஆபத்து. பழைய வீடுகளில் பல, தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவரே மேல்தளத்தைத் தாங்குபவை. "எடுத்துடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, எந்த பீம், எத்தனை முட்டு என்று எழுதித் தந்த பிறகுதான் சுத்தியல் படலாம். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கொட்டேஷனுக்கு முன் இரண்டு மூன்று இடத்தில் பூச்சைத் தட்டி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குக் கீழ் உள்ள சீலிங்கில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்பது தெரியும். அப்படியும் எதிர்பாராதது வரும்; மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் தனியே வைத்திருங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் அளவும் ரேட்டும் வாட்ஸ்அப்பில் வந்து, நீங்கள் சரி சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். அட்வான்ஸ் 10 சதவீதம் போதும். 40 சதவீதம் கேட்டால், அது முந்தைய பார்ட்டி வீட்டை முடிக்கப் போகிற பணமாக இருக்கலாம். மீதியைத் தேதிக்குக் கட்டாமல் கட்டத்துக்குக் கட்டுங்கள்: இடிப்பு, குழாய் வயர், பூச்சு, டைல்ஸ், பெயின்ட். குழாய் வயர் கட்டத்துக்குப் பணம் தரும் முன், சுவரை மூடுவதற்குள் பிரஷர் டெஸ்ட் (குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்ப்பது) வைத்து, டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பாத்ரூமில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் வரை நிறுத்திவைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இங்கே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையில்தான் மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்கின் யோக்கியதை தெரியும்.

கியூரிங், அதாவது சிமென்ட் வேலை இறுகும்வரை நனைத்து வைப்பது; அதற்கான தண்ணீரைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. பூச்சுக்கு ஏழு நாள், பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும். 2024 மார்ச் தட்டுப்பாட்டில், குடிநீரைக் கட்டுமானத்துக்கு எடுத்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர் யார் செலவு என்று கேட்காமல் விட்டால் கியூரிங்தான் முதலில் குறையும், அடுத்து பூச்சில் விரிசல்.

லேபர் கான்ட்ராக்ட் (பொருள் உங்களுடையது, கூலி மட்டும் அவருக்கு) என்றால் சேதாரம் உங்கள் தலையில். டைல்ஸ் 5 முதல் 10 சதவீதம் அதிகம் வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள்.

கான்ட்ராக்டர் காட்டும் புது வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு மழை கண்ட வீட்டின் முகவரி கேளுங்கள். அங்கே பாத்ரூம் வெளிச்சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பழுதைச் சொன்னபோது போனை எடுத்தாரா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள்.