நீலப் புகை வந்தவுடன் இன்ஜினை இறக்காதீர்கள்

பழைய அம்பாசிடர் நீலமாகப் புகை விட்டால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் பேச்சு, "ரிங் போயிடுச்சு சார், போர் பண்ணிடலாம்" என்பதுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம் என்று அர்த்தம். சரி என்று தலையாட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும் சிலிண்டர் சுவர் கொஞ்சம் குறைகிறது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜினுக்கு நல்ல பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) கிடைப்பது லேசில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான் தெரியும். எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நிறம் சொல்லாது. புகை வரும் நேரம்தான் சொல்லும். என் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காட்டிக்கொடுத்தது. செகண்ட் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கொண்டை ஊசிகளைக் கடந்து வந்து, கல்லாறு பக்கம் சமதளத்தில் மிதித்தேன். பின்னால் வந்த பஸ் கண்ணாடியில் தெரியாத அளவுக்கு நீலப் புகை. பத்து விநாடியில் அதுவும் அடங்கிவிட்டது. அதே வண்டி மலை ஏறும்போது துளிப் புகை விட்டதில்லை.

ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில், முழு லோடில்தான் அதிகம் புகைக்கும். இறக்கத்தில் நடப்பது வேறு: திராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் வேகம் கூடி, தேய்ந்த வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) வழியாக ஆயிலை உள்ளே இழுக்கிறது. மிதித்ததும் அது எரிகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலமாக ஊதிவிட்டு நிறுத்தினாலும் முதல் சந்தேகம் கைடும், அங்கே ஆயிலைத் தடுக்கும் வால்வு சீலும்தான். என் வண்டிக்கு, பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டை மட்டும் கழற்றி இரண்டையும் மாற்றியதோடு புகை நின்றது. பிளாக்கைத் தொடவே இல்லை.

கம்ப்ரெஷன் பார்ப்பதிலும் (பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து சிலிண்டர் அழுத்தத்தை அளப்பது) அவசரம் கூடாது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கிறதா என்று பாருங்கள். எது குறைகிறதோ அதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டோ. பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள்; இந்த இரண்டாவது அளவில்தான் விடை இருக்கிறது.

வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்படுவதும் உண்டு. குளிர்காலக் காலையில் வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது வெறும் நீராவி. மறையாமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட். தண்ணீர் குறையாமல் பிரேக் ஆயில் மட்டும் குறைந்தால், பூஸ்டர் (இன்ஜின் உறிஞ்சலால் பிரேக் மிதியை இலகுவாக்குவது) உள்ள வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்: அங்கே கசியும் பிரேக் ஆயிலை வாக்குவம் குழாய் இன்ஜினுக்குள் இழுத்து வெள்ளையாகப் புகைய வைக்கும். கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. சோக், கார்புரேட்டர் மிதவை, ஏர் ஃபில்டர், அங்கேயே முடிந்துவிடும்.

செலவில்லாத இரண்டைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் அடிப்பாகமான கிராங்க்கேஸின் காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல இன்ஜினே ஆயில் தள்ளும். வண்டியைச் சரிவில் நிறுத்தி டிப் ஸ்டிக் பார்த்து, குறைகிறது என்று மேலே மேலே ஊற்றினாலும் புகைதான். கீழே ஒழுகுவதையும் கணக்கில் சேருங்கள். வண்டி நின்ற இடத்தில் ராத்திரி ஒரு அட்டை விரித்து வையுங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டியிருந்தால், காணாமல் போகும் ஆயில் எல்லாம் எரியவில்லை.

வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியை ஒரு ரவுண்ட் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஒட்டிக்கொண்ட ரிங் சில நூறு கிலோமீட்டரில் விடுவித்துக்கொள்வது உண்டு. ஆயிலை மாற்றி, நிதானமாக ஓட்டி, அப்புறம் கம்ப்ரெஷன் பாருங்கள். கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை மறைப்பதால் தேய்மானம் நிற்காது.

கடைசியில் ரிங்தான் என்று உறுதியானால் போரை (சிலிண்டர் உள்விட்டத்தை) அளக்கச் சொல்லுங்கள். அளவுக்குள் இருந்தால் ரிங் மட்டும் போதும். ஆனால் கண்ணாடி போல் வழவழப்பான சுவரில் புது ரிங் படியாது; ஹோன் செய்யாமல் (சுவரை லேசாகச் சொரசொரப்பாக்காமல்) மாட்டினால் அதே புகை திரும்பி வரும்.