பழைய கண்ணாடித் தொட்டியைப் பவளத்துக்குத் தயார் செய்வது

உயிருள்ள கடல் பவளம் வளர்க்க, பிறர் பயன்படுத்திய மீன்தொட்டி வாங்கப் போனால் கண் முதலில் கீறலைத்தான் தேடும். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: மூலைகளைப் பிடித்திருக்கும் சிலிக்கான் பசை, அந்தத் தொட்டியில் இதுவரை என்னென்ன ஊற்றினார்கள் என்ற விவரம். நகம் சிக்காத கீறல் தண்ணீர் நிறைந்ததும் பெரும்பாலும் தெரியாது. பின்பக்கம் இருந்தால் ஊதா நிறச் சுண்ணப்பாசி படர்ந்து மூடிவிடும். விரிசல் இருந்தாலோ, விளிம்பில் பெயர்ந்த சில்லு சிலிக்கான் இணைப்பு வரை போயிருந்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பவளத்துக்கு உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். முன்னிருந்து பின்னாக 45 செ.மீ. இருந்தால் நல்லது, 60 இருந்தால் பாறை அடுக்க வசதி. உயரம் 60 செ.மீ.யைத் தாண்டினால் கை அடியைத் தொடாது, விளக்கையும் கூடுதல் வலுவாக வாங்க வேண்டும். கண்ணாடி மீதான அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே மேல் சட்டமோ குறுக்குப் பட்டையோ இல்லாத உயரமான தொட்டியில் கண்ணாடியின் தடிமனை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். 120×45×45 செ.மீ. தொட்டி சுமார் 243 லிட்டர் கொள்ளும். நீர் மட்டுமே கால் டன். பாறையும் கண்ணாடியும் தனி.

சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய அடுக்குதான் தொட்டியைத் தாங்குகிறது. உள்மூலையில் ஓடும் பட்டை நீர் கசியாமல் காக்கிறது. உள்பட்டையின் ஓரம் உரிந்திருந்தாலும், பிளேடு பட்டு வெட்டுப்பட்டிருந்தாலும் மாற்றிவிடலாம். இடை அடுக்கில் நீளமான காற்றுக்குமிழ்களோ வெளிறிப் பிரிந்த திட்டுகளோ தெரிந்தால் தொட்டியையே பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குப் புதுத் தொட்டியே மேல்.

அடுத்தது செம்பு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்குப் போடும் பல மருந்துகளில் செம்பு உண்டு. மீன் தாங்கும் அளவே பவளம், இறால், நத்தை போன்றவற்றைக் கொன்றுவிடும். கண்ணாடி அதை உறிஞ்சாது; பழைய மணலும் பாறையும் சுண்ணப் படிவமும் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கசியவிடும். விற்பவர் ‘மருந்தே போட்டதில்லை’ என்று சொன்னாலும் மணல், பாறை, ஃபில்டர் பஞ்சு எதையும் கூட எடுத்து வராதீர்கள்.

ஓவர்ஃப்ளோவுக்கு (மிகுநீர் வெளியேறும் வழிக்கு) துளை போட எண்ணமிருந்தால், டெம்பர்டு (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடியா என்று முன்பே பாருங்கள். துளைக்கத் தொடங்கினால் அது முழுவதுமாக நொறுங்கிவிடும். வெள்ளைத் திரை காட்டும் எல்சிடி லேப்டாப்பைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியே, திரை இருட்டாகும்படி தலையைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் டெம்பர்டு. பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் அப்படி இருக்கும். பக்கங்களைத் தனித்தனியே சோதியுங்கள்.

சுத்தம் செய்ய சோப்பு கூடாது. வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த காகிதத் துண்டுகளை சுண்ணப் படிவத்தின் மேல் ஒரு மணி நேரம் ஒட்டிவையுங்கள். படிவம் இளகியதும் புது பிளேடைச் சாய்த்துச் சுரண்டலாம். சிலிக்கானுக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்திவிடுங்கள். கிருமி நீக்கத்துக்கு பிளீச் போடுவதானால், வினிகரை முழுவதும் கழுவிய பிறகுதான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், ஆபத்து. கடைசியில் குளோரின் நீக்கி சேர்த்த நீரால் கழுவி உலரவிடுங்கள்.

உள்பட்டையை மாற்றுவதானால் பழுதான இடத்தை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். இறுகிய சிலிக்கான்மீது புதுச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. கசிவு அந்தச் சந்தில்தான் மறுபடி தொடங்கும். உள்பட்டை முழுவதையும் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத 100% சிலிக்கான்தான் வேண்டும். குளியலறைச் சிலிக்கான் பவளத்துக்கு நஞ்சு. மேற்பரப்பு சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும் என்பதால் அதற்குள் விரலால் வழித்து டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு வாரம் இறுகவிடுங்கள், அப்போது சிலிக்கானிலிருந்து வரும் வினிகர் வாடை முற்றிலும் போக வேண்டும்.

கசிவுச் சோதனையை மட்டமான தளத்தில் செய்யுங்கள். சட்டமில்லாத தொட்டிக்கு அடியில் ஃபோம் விரியுங்கள். அடிக்கண்ணாடி தரையைத் தொடாமல் சட்டத்தில் நிற்கும் தொட்டிக்கு ஃபோம் வேண்டாம். கால்பங்கு, அரைப்பங்கு, முழுவதும் என்று சில மணி நேர இடைவெளியில் நிரப்பி, அடி ஓரங்களைச் சுற்றிச் செய்தித்தாள் வைத்து மூன்று நாள் விடுங்கள். சிறு ஈரமும் தாளில் தெரிந்துவிடும். அதே நீரை ஒரு வாரம் வரை வைத்திருந்து செம்பு சோதியுங்கள். சுழியம் காட்ட வேண்டும். சற்றேனும் காட்டினால் மறுபடி வினிகரால் கழுவி, புது நீரில் ஆக்டிவேட்டட் கார்பன் (அசுத்தங்களை உறிஞ்சும் கரி) போட்டு நீரைச் சுழலவிட்டுச் சோதியுங்கள்.

ஏற்கெனவே துளை உள்ள தொட்டியென்றால் பல்க்ஹெட்டின் (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பின்) ரப்பர் வளையத்தைத் தயங்காமல் மாற்றுங்கள். வளையம் அகன்ற தலைப்பக்கம் வர வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும்; அதற்கு மேல் போனால் துளையின் ஓரத்தில் விரிசல் விழும்.