முதல் ஏர் ரைபிள்: பொருத்துவதும் சுட்டுப் பார்ப்பதும்

வீட்டிலேயே ஒரு ரைபிள் செய்து சுட்டுப் பார்க்கலாமா என்று புதிதாக வருகிற இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் கூடவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். பட்டறையில் கடைந்த குழல் முகத்துக்கு நேராக வெடித்தால் அதற்கு வைத்தியமும் இல்லை.

ஆனால் அந்த ஆசைக்கு நேர்மையான ஒரு வழி இருக்கிறது: பத்து மீட்டர் போட்டிக்கான, அழுத்தக் காற்றால் சுடும் ஏர் ரைபிள். குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லோடு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்தால் உடல், காற்று அடைக்கும் சிலிண்டர், குறி பார்க்கும் சைட், தோளில் பதியும் பட் பிளேட் என்று பல பாகங்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றைப் பொருத்தி, நம் உடம்புக்கு ஏற்றபடி திருத்தி, சுட்டுப் பார்க்கும் வேலை முழுக்க நம்முடையது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்த வகை ரைபிளில்தான்.

இடம்

சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை 10 மீட்டர். டார்கெட்டின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். புதுச்சேரி தமிழர் தெருக்களில் திண்ணையிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் ஓடும் பழைய வீடுகளில் இந்த நீளம் சுலபமாகக் கிடைக்கும். மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

டார்கெட்டுக்குப் பின்னால் சரிவான இரும்புத் தகடு வைத்த பெல்லட் டிராப் (பெல்லட் என்கிற ஈயக் குண்டுகளைப் பிடிக்கும் பெட்டி), அதற்கும் பின்னால் செங்கல் சுவர். இடையில் பக்கவாட்டுக் கதவு எதுவும் இருந்தால் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் ரைபிளை எடுக்க வேண்டும். இதில் சமாதானமே கிடையாது. அரை கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் 8 ஜூலுக்கும் குறைவுதான், ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஊசுடு ஏரிப் பறவைகள் பக்கமோ வீட்டுக் காக்கை பக்கமோ குழலைத் திருப்பும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து இந்த விளையாட்டுக்கே வராதீர்கள்.

பொருத்துதல்

முதலில் குழலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் பாதுகாப்புக் கயிற்றைக் குழல் முழுக்க, இரண்டு முனையிலும் தெரியும்படி செருகுங்கள். வேலை முடியும்வரை அது உள்ளேயே இருக்கட்டும்.

ரைபிளைத் தாங்கும் பகுதியான ஸ்டாக்கில் உடலை உட்காரவைத்து, திருகுகளை மாறி மாறி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கைப்பலத்தைக் காட்டினால் ஸ்டாக் முறுக்கிக்கொள்ளும். சிலிண்டரின் மேல் தேதி பொறித்திருக்கும். அலுமினியச் சிலிண்டருக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள், பழையது வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் வரை உலர்ந்த காற்று மட்டும்தான் நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரி ஆக்ஸிஜனோ வெல்டிங் ஆக்ஸிஜனோ ஒருபோதும் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் வெடிக்கும்.

முன் சைட்டில் வளையம் போட வேண்டும். டார்கெட்டின் கறுப்புப் பகுதி 30.5 மி.மீ. அதைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரிகிற வளையம்தான் புதியவர்களுக்கு நல்லது. 4 மி.மீ. அளவில் தொடங்குங்கள். வளையம் சின்னதாக இருந்தால் குறி துல்லியமாகும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் கறுப்பு ஆடுவது பெரிதாகத் தெரிந்து கை தடுமாறத்தான் செய்யும்.

அடுத்தது உடம்புக்குப் பொருத்துவது. இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள், பலரும் அவசரப்படுகிற இடம் இதுதான். ரைபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்துவிட்டுத் திறந்து பாருங்கள். பின் சைட்டின் துளை நடுவில் முன் சைட் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கழுத்தை வளைக்காதீர்கள், கன்னம் சாயும் சீக் பீஸை ஏற்றி இறக்குங்கள். முகம் சைட்டில் இடிக்கிறதென்றால் பட் பிளேட்டை நீட்டுங்கள். விரல் டிரிகரை நேராகப் பின்னால் இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள், பக்கவாட்டில் தள்ளினால் டிரிகரை நகர்த்த வேண்டும். ரைபிள்தான் நமக்கு வளைய வேண்டும்.

சுட்டுப் பார்த்தல்

மேஜையில் மணல் மூட்டை வைத்து உட்கார்ந்து சுடுங்கள். கயிற்றை எடுத்து, ஒரே டப்பா தட்டைத்தலை பெல்லட்டில் ஐந்து. சைட்டைத் தொடாதீர்கள். முதல் குண்டு இடது பக்கம் போனதும் திருகைத் திருப்புவது, இரண்டாவது மேலே போனதும் இன்னொரு திருகைத் திருப்புவது என்று போனால் ராத்திரி வரை சுட்டாலும் சரியாகாது. ஐந்தும் எங்கே போனாலும் சரி, ஒரே ஓட்டையாகச் சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. சேரவில்லை என்றால் திருகுகள் தளர்வா என்று பாருங்கள். பிறகு 4.49, 4.50 என்று வேறு அளவு பெல்லட் மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த அளவு ஒன்று உண்டு.

குரூப், அதாவது அந்த ஐந்து ஓட்டைகளின் கூட்டம், சேர்ந்த பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ, குண்டும் அந்தப் பக்கம் நகரும். திருகின் மேல் இருக்கும் அம்புக்குறியை மட்டும் நம்பாதீர்கள். சில சைட்டுகளில் அது குண்டு போக வேண்டிய திசை, சிலவற்றில் போய்விட்ட திசை. திருகு நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். பத்து கிளிக் திருப்பி மறுபடி ஐந்து சுட்டு, நடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிடுங்கள். 4 மி.மீ. நகர்ந்திருந்தால் ஒரு கிளிக்குக்கு 0.4 மி.மீ. குரூப் 6 மி.மீ. வலது பக்கம் இருந்தால் பதினைந்து கிளிக் இடது. அவ்வளவுதான் கணக்கு.

டார்கெட்டின் நட்டநடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் வெறும் அரை மி.மீ. என்று பார்த்து மிரள வேண்டாம். பெல்லட்டின் விளிம்பு தொட்டாலே பத்துதான். அதாவது அதன் நடு 2.5 மி.மீ. தள்ளி விழுந்தாலும் கிடைக்கும்.

நன்றாக விழுந்துகொண்டிருந்த குண்டுகள் திடீரென்று கீழே இறங்கினால் சைட்டைத் திருப்புவதற்கு முன் சிலிண்டரின் அளவுமானியைப் பாருங்கள். காற்று தீர்ந்திருக்கும்.

முடிந்ததும் கயிற்றைத் திரும்பச் செருகிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெல்லட் ஈயம், கழுவாத கையோடு சாப்பாட்டைத் தொடக் கூடாது. நம் ஊர்க் கடல்காற்றில் உப்பு அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வெளி இரும்பை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். சிலிண்டர் வாயிலும் காற்று போகிற பாதையிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, பூட்டி, சாவியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.