மாடல் குதிரைய எங்க வச்சு அளக்கணும்?

மாடல் குதிரை சேக்குறவங்க கவனிங்க, ஆன்லைன்ல உயரம்னு போடுறது பாதி நேரம் காது நுனி வரைக்கும் அளந்ததா இருக்கும், அத நம்பி ஸ்கேல் கணக்கு போட்டா தப்பாயிரும். நெசக் குதிரைய எப்படி அளப்பாங்களோ அப்படித்தான், பிடரி முடி முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற அந்த மேடு வரைக்கும். டெய்லர் டேப்ப உடம்புல ஒட்டிப் பிடிக்காதீங்க, வளைஞ்சு உயரத்தக் கூடுதலா காட்டும், பக்கத்துல மூலைமட்டம் நிறுத்திப் பாருங்க.

குதிரை உயரத்த ஹேண்ட்ங்கிற அளவுலதான் சொல்வாங்க, ஒரு ஹேண்ட்னா 4 இன்ச், 15 ஹேண்ட் குதிரை 60 இன்ச், அதாவது 152 சென்டிமீட்டர். பிரேயர்ங்கிற மாடல் குதிரை கம்பெனியோட ட்ரெடிஷனல் சைஸ் 1:9, அதாவது நெசக் குதிரைல ஒன்பதுல ஒரு பங்கு, அப்ப பொம்மை கிட்டத்தட்ட 17 செமீ வரணும். அவங்களோட கிளாசிக்ஸ் சைஸ் 1:12, அதுல 12.7. ஸ்டேபிள்மேட்ஸ் சைஸ் 1:32, 5 செமீ கூட வராது. குட்டையான இனம்னா இன்னும் குறையும், அதனால மொதல்ல இனத்தப் பாருங்க.

இன்னொன்னு, நம்ம மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் இருக்கவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். பிரேயர் பெரிய குதிரைங்க செல்லுலோஸ் அசிடேட்ங்கிற பிளாஸ்டிக், வெயில்பட்ட ஜன்னல்லயோ தகரக் கூரைக்கு அடியிலயோ வச்சா கால் வளைஞ்சு குதிரை நிக்காது, அப்புறம் உயரமும் சரியா வராது. உப்புக்காத்து படிஞ்சத நல்ல தண்ணில நனைச்ச துணியால தொடச்சு உடனே ஈரம் போக துடைச்சிருங்க. அந்த பிளாஸ்டிக் கெட ஆரம்பிச்சு வினிகர் வாடை வந்தா அந்த ஒண்ண மட்டும் தனியா, காத்தோட்டமா வைங்க, கவர்ல போட்டு மூடவே மூடாதீங்க, அந்த ஆவி மத்ததையும் கெடுத்துரும். ரெசின் குதிரைக்கு இந்த வாடைப் பிரச்சினை இல்ல, ஆனா கீழ விழுந்தா கால் பட்டுனு ஒடிஞ்சிரும், பாத்து எடுங்க.