தைராய்டு மாத்திரை: மனிதருக்கு ஒரு கணக்கு, நாய்க்கு ஒரு கணக்கு, பூனைக்கு வேறு கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யவில்லை என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் லிவோதைராக்சின் (தைராய்டு குறைவுக்கான மாத்திரையில் இருக்கும் மருந்து) போதும். அதே வீட்டில் இருக்கும் 30 கிலோ லாப்ரடாருக்கு அதே குறை வந்தால் வேளைக்கு 600 வீதம் இரண்டு வேளை, ஆக 1,200 மைக்ரோகிராம் வேண்டும். எடை பாதிதான், மருந்து பன்னிரண்டு மடங்கு. சீட்டைப் பார்க்கும் மருந்துக் கடைக்காரர் ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. அவராகவே அதைக் குறைத்துக் கொடுத்தால், மருந்து கொடுத்தும் நாய் தேறாது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உடலுக்குள் ஓடும் கடிகாரம். மனித ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகிறது. நாய்க்கு அரை நாள் போதும். அதன் குடல் மருந்தை உறிஞ்சுவதும் குறைவு. எத்தனை வேளை கொடுப்பது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, எப்போது ரத்தம் எடுப்பது என எல்லாவற்றுக்கும் விடை இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

முதலில், சீட்டில் உள்ள எண்ணைச் சரியாகப் படிப்பது

1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். 0.1 மி.கி. என்று எழுதினாலும் 100 மைக்ரோகிராம் என்று எழுதினாலும் ஒன்றே. அதிகம் தவறு நடக்கும் இடம் இதுவல்ல, 12.5 என்ற எண். புள்ளி மங்கிப்போனால் அது 125 ஆகிவிடும். இதய நோய் உள்ள முதியவருக்குத் தொடக்க அளவாக எழுதப்படுவதே 12.5 தான், அவருக்குப் பத்து மடங்கு போனால் நெஞ்சுவலியில் போய் நிற்கும். மாத்திரை வாங்கும்போது எண்ணைக் காட்டினால் மட்டும் போதாது, வாயால் சொல்லுங்கள்: "பன்னிரண்டரை". அதை யாரும் நூற்று இருபத்தைந்து என்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் மேல் தமிழில் எழுத்தால் எழுதி ஒட்டுங்கள்.

மருந்து நிறுவனத்தை மாற்றுவதும் கவனிக்க வேண்டியது. தைரோநார்மோ எல்ட்ராக்சினோ, உடலுக்குப் பழகியதையே தொடருங்கள். கடையில் இல்லையென்று வேறொன்றைக் கொடுத்தால், அதில் நிலைத்து 6 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும், மிகுந்தால் இறங்கும்) பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு

சுரப்பி முழுதாக நின்றுபோனவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. பாதி வேலை செய்யும் சுரப்பி என்றால் 25, 50 போதுமானதாக இருக்கும். இளவயதினருக்கு நேராக முழு அளவில் தொடங்கலாம். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை 12.5 அல்லது 25 கூட்டிக்கொண்டே போவார்கள்.

விழுங்கும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி உட்பட எதுவும் கூடாது. நம் வீடுகளில் இடறும் இடம் இந்தக் காபிதான்: பல் தேய்த்ததும் டிகாக்‌ஷன் தயாராக இருக்கும், மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரை டப்பாவைச் சமையலறையில் வைக்காமல் கட்டில் பக்கத்தில் தண்ணீரோடு வைத்தால், எழுந்தவுடன் போட்டுவிட்டு மற்ற வேலை பார்க்கலாம்.

காலையில் முடியவே முடியாது என்பவர்கள் இரவில் போடலாம், சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து. படுக்கும்போது பால் குடிப்பவர்களுக்கு இந்த முறை சரிவராது.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல் ஆகியவை மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மீல்மேக்கர், சோயா பால் இவற்றையும் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள். பான்டோபிரசோல் கதை வேறு. அது வயிற்று அமிலத்தையே நாள் முழுக்கக் குறைப்பதால் இடைவெளி விட்டும் பயனில்லை. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட நேரலாம். பான்டோபிரசோலைப் புதிதாகத் தொடங்கினாலும் சரி, நிறுத்தினாலும் சரி, தைராய்டு பார்க்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் மறந்துபோனால் பதற வேண்டாம். 7 நாள் கடிகாரம் உங்கள் பக்கம். அன்றே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும்போது போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், வழக்கம்போல ஒன்று. பல நாள் விட்டுப்போயிருந்தால் ஈடுகட்டுவதற்காக நான்கைந்தைச் சேர்த்து விழுங்காதீர்கள்.

இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட அளவு தேவைப்பட்டால் மருத்துவர் வாரக் கணக்கில் எழுதுவார்: 75 மூன்று நாள், 100 நான்கு நாள் என்றால் வாரத்துக்கு 625, சராசரி நாளுக்கு 89. எந்த நாளில் எது என்று காலண்டரில் குறித்துவிட்டால் குழப்பம் இல்லை.

பரிசோதனை: எப்போது, எப்படி

அளவை மாற்றி இரண்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்ப்பது பணத்துக்கும் கேடு, மருந்துக்கும் கேடு. ரத்தத்தில் மருந்து ஒரு நிலைக்கு வரவே ஐந்தாறு வாரம் ஆகும். 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் ஃப்ரீ டி4 (டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன், மாத்திரையில் இருப்பதும் அதுவே; ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் இருக்கும் அதன் பகுதி ஃப்ரீ டி4) சில மணி நேரம் பொய்யாக ஏறி நிற்கும்.

இன்னொரு கண்ணி முடி உதிர்வுக்கான பயோட்டின். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் வாங்குகிறோம். அது உடலுக்குள் தைராய்டை ஒன்றும் செய்யாது, ஆனால் ஆய்வகத்தின் சோதனை முறையைக் குழப்பிவிடும். பல கருவிகளில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டி, மாத்திரை அதிகமானதுபோல் தோன்றச் செய்யும். அதை நம்பி அளவைக் குறைத்தால் உண்மையில் மருந்து போதாமல் போகும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள்.

டி.எஸ்.எச். 9 என்று வந்தால் உடனே மாத்திரையைக் கூட்ட ஓடாதீர்கள். காபியோடு விழுங்கினீர்களா, கால்சியம் சேர்ந்ததா, வேறு கம்பெனி மாத்திரையா, வெயிலில் கிடந்த டப்பாவா என்று முதலில் பாருங்கள். டி.எஸ்.எச். அதிகம், ஆனால் ஃப்ரீ டி4 உயர்வாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலும் பல வாரம் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். இதை மருத்துவரிடம் மறைத்தால் தேவையில்லாமல் அளவு ஏறும். அதிக மருந்து தீங்கற்றதல்ல: இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் டி.எஸ்.எச்.-ஐ வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பதுண்டு. அவர்கள் அறிக்கையில் எண் குறைவாக இருக்கிறது என்று தாமாகக் குறைத்துவிடக் கூடாது.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும்

ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால், முதல் சில வாரங்களிலேயே 25 முதல் 30 சதவீதம் கூடுதல் தேவைப்படும். முதல் ஸ்கேன் வரை காத்திருந்தால் தாமதம். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9, அதாவது இரண்டு நாள் மட்டும் இரட்டையாக, என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் எளிய வழி. குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைக் கட்டாயம் சாப்பிடுங்கள். நேரத்தை மட்டும் மதியத்துக்கும் இரவுக்கும் தள்ளுங்கள். பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் ஒரு பரிசோதனை.

பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கொடுப்பார்கள். பெரியவர் கணக்கைப்போல் ஆறு மடங்குக்கு மேல். மூன்றரைக் கிலோ சிசுவுக்கு 35 முதல் 50 என்று கேட்டுத் தாத்தா பாட்டிகள் பயந்துபோய்ப் பாதி கொடுப்பார்கள். செய்யவே கூடாது. மூளை வளர்ச்சி இந்த மருந்தை நம்பி இருக்கிறது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் முழு அளவில் தொடங்கியாக வேண்டும். இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே மாத்திரையை வைத்துப் பொடித்து, ஒன்றிரண்டு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, உடனே பாலாடையில் புகட்டுங்கள். பாலாடையில் ஒட்டிய தூளை இன்னும் சில சொட்டு விட்டுக் கழுவி அதையும் கொடுங்கள். பால் புட்டியில் கலக்காதீர்கள், குழந்தை மீதம் வைத்தால் மருந்தும் மீதம். காலையில் கரைத்ததைப் பிறகு கொடுக்கலாம் என்று எடுத்து வைக்கவும் கூடாது.

நாய்க்கு

தொடக்க அளவு கிலோவுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரிய நாயானாலும் வேளைக்கு 800-ஐத் தாண்டாமல் தொடங்குவார்கள். மனிதருக்கான 100 மைக்ரோகிராம் மாத்திரையைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 6. நூறு மாத்திரை எட்டே நாளில் தீரும். கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் சீட்டில் "நாய், 30 கிலோ" என்று எழுதச் சொல்லுங்கள், கடையில் வாக்குவாதம் மிச்சம்.

உணவோடு கொடுத்தால் உறிஞ்சுவது குறையும். வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. அடம்பிடிக்கும் நாய்க்குச் சோற்றில் வைத்துத்தான் கொடுக்க முடியும் என்றால் தினமும் அப்படியே கொடுங்கள். அந்த முறைக்கு ஏற்ப மருத்துவர் அளவைச் சரிசெய்துகொள்வார். ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்பதுதான் கெடுதல். இதய நோயோ அட்ரினல் குறையோ சர்க்கரையோ உள்ள நாய்க்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

நாய்க்குப் பரிசோதனை மாத்திரை போட்டு 4 முதல் 6 மணி நேரத்துக்குள். மனிதருக்குச் சொன்னதற்கு நேர் எதிர். கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், அது தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முதல் பரிசோதனை 4 முதல் 8 வாரத்தில். மூச்சிரைப்பு, ஓயாத நடமாட்டம், அதிகத் தாகம், எடை குறைதல் இருந்தால் மருந்து மிகையாகிறது.

நோய் உண்மையா என்பதையே நாய்களில் முதலில் சந்தேகிக்க வேண்டும். வேறு எந்த நோய் வந்தாலும் டி4 இறங்கும். தோல் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்ஸசோல், ஸ்டீராய்டு, வலிப்புக்கான பினோபார்பிட்டால் மூன்றும் இறக்கும். கிரேஹவுண்ட், சலூக்கி போன்ற ஓட்ட நாய்களுக்கு டி4 இயல்பிலேயே குறைவு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் ஓட்ட நாய்களை வளர்ப்பவர்கள் ஒற்றை எண்ணை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கும் முன், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூனைக்கு

பூனையின் நோய் தலைகீழ். வயதான பூனைக்குத் தைராய்டு அதிகமாகத்தான் சுரக்கும்: நிறையத் தின்னும், ஆனால் இளைக்கும், இரவில் கத்தும். அதற்கு லிவோதைராக்சின் அல்ல, சுரப்பைக் குறைக்கும் மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். மெத்திமசோல் வேளைக்கு 1.25 முதல் 2.5 மி.கி., தினம் இருவேளை என்று தொடங்குவார்கள். இரண்டு மருந்துகளும் எடைக்கு எடை சமமல்ல: 5 மி.கி. கார்பிமசோல் உடலில் சுமார் 3 மி.கி. மெத்திமசோலாக மாறுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எண்ணில் வாங்கினால் கணக்கு பிசகும்.

இரண்டு மூன்று வாரத்தில் டி4-உடன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்த அணுக்களும் பார்க்க வேண்டும். தைராய்டு மிகுதி, சிறுநீரகக் கோளாறை மறைத்து வைத்திருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அது வெளியே தெரியும். வாந்தி, உணவு மறுப்பு, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்குதல் ஆகியவை முதல் மூன்று மாதத்தில் வரக்கூடியவை. கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையை வெறுங்கையால் தொடக் கூடாது.

தைராய்டு மிகுதிக்காக இதே மருந்தை எடுக்கும் மனிதர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே வெள்ளை அணுக்களை எண்ணிப் பாருங்கள். இவர்களுக்கு டி.எஸ்.எச். பல மாதம் தாழ்ந்தே கிடக்கலாம். அளவைத் தீர்மானிப்பது ஃப்ரீ டி4-உம், டி4 மாறி உருவாகும் வீரியமான ஹார்மோனான டி3-உம்தான்.

டப்பாக்களை வைக்கும் இடம்

அடுப்புப் பக்கமும் குளியலறையும் வேண்டாம். வெப்பமும் ஈரமும் லிவோதைராக்சினைக் கெடுக்கும். வீட்டாருடையது ஒரு அலமாரி, நாயுடையது வேறு அலமாரி என்று பிரித்து, இரண்டையும் பூட்டி வையுங்கள். நாய்க்கான ஒரு வேளை மருந்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் அன்று ஓடியாடி நன்றாகவே இருக்கும். டி4 உடலுக்குள் மெல்ல டி3-ஆக மாறிய பிறகு, சில நாள் கழித்துத்தான் படபடப்பும் காய்ச்சலும் தொடங்கும். நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது என்பதை எண்ணிச் சொன்னால் மருத்துவருக்கு அதுவே முதல் உதவி.