இந்தி வேற்றுமை உருபுகள்: எங்கே கவனிக்கணும்?

இந்தியில் கோ (-ஐ, -க்கு), ஸே (-ஆல், -இலிருந்து), மேன் (-இல்), பர் (-மேல்) எல்லாம் தமிழ் உருபு மாதிரியே பெயருக்குப் பின்னால்தான் வரும், அதனால் இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். உருபுக்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் கவனிக்கணும்: 'ஆ'வில் முடியும் ஆண்பால் பெயர் பெரும்பாலும் 'ஏ' ஆகிவிடும், லட்கா (பையன்) என்பது லட்கே கோ, கமரா (அறை) என்பது கமரே மேன், நம்ம மரம் 'மரத்தை' ஆவது போலத்தான். ராஜா, பிதா மாறாது.

அப்புறம் கா, கீ, அதாவது நம்ம 'உடைய'. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். உடையவரை விடுங்கள், உடைமையின் பாலைப் பாருங்கள்: சீதா கா பாயி (சீதாவின் சகோதரன்), ராம் கீ பஹன் (ராமின் சகோதரி).

'ராமிடம் கேள்' என்பதற்கு 'கோ' போடாதீர்கள், ராம் ஸே பூச்சோ.

செய்தவரைக் காட்டும் 'நே' கடைசியில் படித்தால் போதும். செயல் முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில், பெரும்பாலும் செயப்படுபொருள் ஏற்கும் வினைகளோடு வரும், வினை எழுவாயை விட்டுவிட்டு, 'கோ' சேராத செயப்படுபொருளின் பாலோடு ஒட்டிக்கொள்ளும்: லட்கே நே ரோட்டி காயீ (பையன் ரொட்டி சாப்பிட்டான்; ரோட்டி பெண்பால், அதனால் காயீ).