தாத்தா தலைக்குப் பொருந்துற பேட்டா வேணுமா? பெங்களூர்ல நல்ல கடை தேடறது எப்படின்னு சொல்றேன்

எங்க தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம் வச்சோம், அவருக்கு மைசூர் பேட்டா, அதான் ஜரிகை போட்ட மைசூர் தலைப்பாகை, வச்சு மரியாதை பண்ணணும்னு வீட்ல எல்லாருக்கும் ஆசை. கடைசி நேரத்துல சித்தப்பா ஒரு கடைல பெட்டியோட ஒன்னு வாங்கிட்டு வந்துட்டாரு, யாரும் தலை அளவு எடுக்கல, கடைலயும் கேக்கல. மேடைல மாலை போட்டு பேட்டாவ வச்சதும் அது நேரா எறங்கி புருவத்து மேல வந்து நின்னுடுச்சு. தாத்தா ஒரு கையால அத புடிச்சுகிட்டு இன்னொரு கையால ஒன்னரை மணி நேரம் எல்லாருக்கும் விபூதி வச்சாரு, எந்த போட்டோவ பாத்தாலும் மேல தூக்கின அந்தக் கை இருக்கு. அவரு ஒரு வார்த்தை சொல்லல, எனக்குத்தான் மனசு ஆறவே இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு அவருக்கு அளவா ஒன்னு வாங்கணும்னு மூணு தடவை பெங்களூர் போய் அலைஞ்சேன், அந்த அலைச்சல்ல தெரிஞ்சுகிட்டதெல்லாம் இங்க எழுதறேன், கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்துல இருந்து போறவங்களுக்கு இது நேரம் மிச்சம் பண்ணும்.

ஒரு தொப்பிக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு கேக்கலாம். நம்ம ஊர்ல மாரியம்மன் திருவிழாவுக்கு வரி போடறப்ப என்ன சொல்றாங்க, தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு தானே சொல்றாங்க, ஒரு குடும்பத்த எண்ற அந்த வார்த்தைக்கே தலைப்பாகைன்னும் ஒரு அர்த்தம் உண்டு. கல்யாணத்துல உருமா, அதாவது தலைப்பாகை, கட்டறோம், அப்பா தவறிட்டா பையனுக்கு மாமன் வீட்ல உருமா கட்டறாங்க. மைசூர் பேட்டாவும் நமக்கு அந்நியம் இல்ல, அந்தக் காலத்துல பாராமகால்னு சொன்ன நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பூமியெல்லாம் 1792 வரைக்கும் மைசூர் ஆட்சியில இருந்தது, ஓசூர் தேன்கனிக்கோட்டை பக்கம் இன்னைக்கும் பாதி வீட்ல கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசறாங்க. விஸ்வேஸ்வரய்யா போட்டோவுல தலையில இருக்கே ஜரிகை போட்டு அகலமா, அதுதான் பேட்டா.

சரி, மொதல்ல வீட்லயே தேடுங்க. இத யாரும் யோசிக்கறதில்ல. சொந்தக்காரங்க யாராவது ரிடையர் ஆனப்பவோ சங்கத்துல சன்மானம் பண்ணப்பவோ வாங்கின பேட்டா ஒன்னு பீரோ மேல பெட்டியில இருக்கும். அத எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்க, பாதிக்குப் பாதி அங்க கடை பேர் சீல் குத்தியோ துணி லேபிள் தச்சோ இருக்கும். பத்து வருஷம் பழசா இருந்தும் அது உருவம் கலையாம ஜரிகை கறுக்காம இருக்குன்னா அந்தக் கடைய நம்பி போலாம், அதவிட பெரிய சாட்சி கெடையாது. இன்னொரு வழி, நம்ம பக்கத்து தெருக்கூத்து வாத்தியாருங்க. கல்யாண முருங்கை மரத்துல கிரீடம் செதுக்கி கண்ணாடி சில்லு ஒட்டி ராத்திரி முழுக்க தலையில வச்சுகிட்டு ஆடறவங்க, தலையில வைக்கற பொருள் எங்க அழுத்தும் எங்க வழுக்கும்னு அவங்களவிட தெரிஞ்சவங்க யாரும் இல்ல. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர்கிட்ட கேட்டப்ப கடை பேர் சொல்லல, "உள்ள பஞ்சுத்துணி வச்சு தச்சிருக்கானா பாரு தம்பி, அப்புறம் மேல இருக்கற மினுமினுப்ப பாரு"ன்னாரு. அதுக்கப்புறம் நான் எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல உள்பக்கம்தான் திருப்பிப் பாக்கறேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி தலை அளவு எடுத்துடுங்க, இது ரொம்ப முக்கியம். டெய்லர் டேப்ப காதுக்கு மேல ஒரு வெரக்கடை விட்டு, முன்னாடி நடு நெத்தி, பின்னாடி பிடரிக்கு மேல புடைச்சுகிட்டு இருக்கற எலும்பு, இப்படி சுத்தி வர்ற மாதிரி புடிங்க, இறுக்க வேணாம். டேப் இல்லன்னா ஒரு நூல சுத்தி அப்புறம் ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. ரெண்டு தடவை எடுங்க, வித்தியாசம் வந்தா பெரிசா வந்தத எழுதிக்கோங்க. வளர்ந்த ஆளுங்களுக்கு பெரும்பாலும் 54ல இருந்து 60 செ.மீ. குள்ள வரும். ஹேட் கடையில வேற ஒரு நம்பர் சொல்வாங்க, 57 செ.மீ. இருந்தா ஏழே அரைக்கால், 58 இருந்தா ஏழே கால், அதையும் குறிச்சு வச்சுக்கோங்க. நம்ம வீட்ல ஒரு விஷயம் நடந்தது, தாத்தா திருப்பதி வேண்டுதல் பாக்கி இருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடி மொட்டை போடறதா இருந்தாரு. முடியோட எடுத்த அளவு மொட்டைக்கு லூசாத்தான் இருக்கும், அதனால எந்தத் தலையோட மேடை ஏறப் போறாங்களோ அந்தத் தலைய அளங்க, இல்லன்னா கடைல முன்னாடியே சொல்லிடுங்க. சுற்றளவு ஒன்னா இருந்தாலும் சில பேருக்கு தலை முன்னும் பின்னும் நீளமா இருக்கும், சில பேருக்கு உருண்டையா இருக்கும், மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுகிட்டா கடைக்காரருக்கு பாத்ததுமே புரிஞ்சுடும். முடிஞ்சா ஆளையே கூட்டிட்டு போறதுதான் நல்லது, எண்பது வயசுக்காரர அந்த சந்துல நடக்க வைக்கறது கஷ்டம்னுதான் நான் அளவோட போனேன்.

கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். போகவேண்டிய எடம் சிக்பேட்டை, அத சுத்தி இருக்கற அவென்யூ ரோடு, மாமூல்பேட்டை சந்துங்க. முன்னாடியெல்லாம் பஸ்ல சில்க் போர்டு ட்ராபிக்ல மாட்டிகிட்டு ஒரு மணி நேரம் போயிடும், இப்ப 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ வந்துடுச்சு, பஸ் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறதுக்கு முன்னாடியே பொம்மசந்திரால எறங்கிடுங்க, கண்டக்டர்கிட்ட ஏறும்போதே சொல்லி வைங்க. அங்க மெட்ரோ ஏறி ஆர்.வி. ரோடு, அங்க பச்சை லைன் மாறினா சிக்பேட்டை ஸ்டேஷன்லயே எறக்கி விட்டுடும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நெறைய கடை பூட்டியிருக்கும், மொதல் தடவை நான் அப்படித்தான் ஷட்டர எண்ணிகிட்டு திரும்பி வந்தேன். ஆடி மாசம் போனா நல்லது, அவங்களுக்கு ஆஷாடம் நம்ம ஆடிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும், அப்ப அங்கயும் கல்யாணம் வைக்க மாட்டாங்க, கடைக்காரருக்கு உங்ககிட்ட உக்காந்து பேச நேரம் இருக்கும். முகூர்த்த மாசத்துல போனீங்கன்னா எடுத்து குடுத்து காசு வாங்கி அனுப்பிடுவாங்க.

இப்ப கடைக்குள்ள. சிக்பேட்டைல நெறைய எடம் மொத்த வியாபாரம், டஜன் கணக்குல சங்கத்துக்கும் விழாக்காரங்களுக்கும் குடுக்கறவங்க, அவங்க தப்பான ஆளுங்க இல்ல, அவங்க வேலை வேற. நமக்கு வேண்டியது ஒரு தலைக்கு ஒன்னு செஞ்சு தர்ற கடை. அத எப்படி கண்டுபுடிக்கறதுன்னா, நான் உள்ள போனதும் ஒரே கேள்விதான் கேட்பேன், "அண்ணா, தாத்தாவுக்கு பேட்டா வேணும்". இத சொல்லிட்டு சும்மா நின்னுடுவேன். "எவ்ளோ ரேஞ்சுல வேணும் சார்"னு கேட்டா ஒரு மாதிரி கடை, "தலை அளவு கொண்டு வந்திருக்கீங்களா, வயசு என்ன"ன்னு கேட்டா அது வேற மாதிரி கடை. இந்த ரெண்டாவது மாதிரிய தேடித்தான் நான் மூணு தடவை போனது. "இது ஃப்ரீ சைஸ், எல்லாருக்கும் வரும்"னு சொல்ற எடத்துல பின்பக்கம் தொட்டுப் பாருங்க, எலாஸ்டிக் வச்சிருப்பாங்க. இளவட்டப் பசங்களுக்கு அரை மணி நேரம் போட்டோவுக்கு ஓகே, வயசானவங்களுக்கு நெத்தியில தடம் விழுந்து தலை வலிக்க ஆரம்பிச்சுடும்.

சுத்தி கண்ண ஓட்டுங்க. தலை மாதிரி மரக்கட்டைங்க வேற வேற சைஸ்ல அடுக்கி இருக்கா, மூலையில யாராவது ஊசி நூலோட உக்காந்திருக்காங்களா, பழைய பேட்டா ரிப்பேருக்கு வந்து கெடக்குதா. ரிப்பேர் எடுக்கற கடைதான் நல்ல கடைன்னு நான் நெனைக்கறேன், தன் கையில செஞ்ச பொருள் எங்க பிரியும்னு தெரிஞ்சவங்கதான் திரும்ப வாங்கி வச்சு தைப்பாங்க. எனக்கு கெடைச்ச பெரியவர் ஒரு எட்டுக்கு எட்டு ரூம்ல இருந்தாரு, போர்டு கூட சரியா தெரியல. நான் கன்னடத்துல "தலெ அளதெ 56"ன்னு தட்டுத் தடுமாறி சொன்னதும் சுத்தமான தமிழ்ல "மொட்டையா முடியோடவா"ன்னு கேட்டாரு, அப்பவே எனக்கு பாரம் எறங்கிடுச்சு.

கையில எடுத்துப் பாக்கறப்ப மொதல்ல உள்பக்கம். நெத்தி படற எடத்துல பருத்தித் துணி பட்டை இருக்கணும், அது வேர்வைய இழுக்கும், ரெக்ஸின் வச்சிருந்தா வேர்த்து வழுக்கும். அடித்தளம் வெறும் அட்டைன்னா வேர்வை பட்டு நாலு தடவைல தொளதொளன்னு ஆயிடும், பக்ரம் துணி, அதான் சட்டை காலருக்குள்ள வைக்கற மாதிரி வெறப்பான துணி, வச்சு தச்சிருந்தா நிக்கும், தெர்மாகோல் லேசா இருக்கும் ஆனா ஒரு அமுக்கு அமுங்கினா போச்சு. மூக்குகிட்ட வச்சு பாருங்க, பசை வாடை தூக்கலா வந்தா ஒட்டினது, வெயில்ல விட்டுடும். மடிப்புகள விரலால லேசா நீவிப் பாருங்க, தச்சது நகராது. அப்புறம் தலையில வச்சு ரெண்டு தடவை குனிஞ்சு நிமிருங்க, கால்ல விழறவங்கள தூக்கி விடறப்ப பெரியவங்க குனிவாங்க இல்ல, அப்ப நிக்கணும். நெத்திக்கும் பேட்டாவுக்கும் நடுவுல ஒரு விரல் நொழையற அளவு எடம் போதும், ரெண்டு விரல் போச்சுன்னா உள்ள பஞ்சுப் பட்டை கூட்டி தைக்கச் சொல்லுங்க, நல்ல கடைன்னா அங்கயே பத்து நிமிஷத்துல பண்ணிடுவாங்க.

பட்டா இல்லையான்னு பாக்கறது நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, தர்மபுரில பட்டுக்கூடு ஏலம் பாத்து வளர்ந்தவங்க நாம. இருந்தாலும் சொல்றேன், துணில இருந்து நீட்டிகிட்டு இருக்கற ஒரு நூல கேட்டு வாங்கி கடைக்கு வெளிய நின்னு கொளுத்துங்க, முடி பொசுங்கற வாடை வந்து கரி விரல்ல பொடியானா பட்டு, உருகி மணி மாதிரி கெட்டியானா பாலியஸ்டர். ஜரிகைல அசல்ங்கறது வெள்ளிக் கம்பிக்கு தங்க முலாம் போட்டது, அது பேட்டால வர்றது அபூர்வம், வெலையும் எங்கயோ போயிடும். பெரும்பாலும் பிளாஸ்டிக் ஜரிகைதான் இருக்கும், சில நூறு ரூபாயிலயே கெடைக்கும், அத அசல்னு சொல்லி விக்காத வரைக்கும் குத்தமில்ல. என்னோட அபிப்ராயம், பட்ஜெட் கம்மின்னா ஜரிகைல விட்டுக் குடுங்க, உள்பட்டைலயும் அளவுலயும் விட்டுக் குடுக்காதீங்க.

பேட்டா வேணாம், வேற தொப்பின்னா சுருக்கமா சொல்லிடறேன். கதர் காந்தி குல்லாவுக்கு பெங்களூர் போகவே வேணாம், சர்வோதய சங்கக் கடை, காதி கடைல கேளுங்க, தண்ணியில போட்டா சுருங்கும், அதனால ஒரு சைஸ் பெரிசா எடுங்க. தொழுகை தொப்பி பள்ளிவாசல் பக்கத்து கடைங்கள்லயே வகை வகையா கெடைக்கும். மாந்தோப்பு வெயிலுக்கு ஹேட் தேடறவங்க ஓரம் 7 செ.மீ.க்கு கொறயாம பாருங்க, ஓலை ஹேட்ட வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா பின்னல் சீரா இருக்கா ஓட்டையா இருக்கான்னு தெரிஞ்சுடும், வெயில் ஓட்டை வழியா எறங்கினா எதுக்கு அந்த ஹேட்டு. பனாமா ஹேட்னு கேட்டு வாங்கறவங்க ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, அது பனாமா நாட்டுது இல்ல, தென் அமெரிக்கால ஈக்வடார்ல டொக்கியான்னு ஒரு ஓலையில கையால பின்றது, பேப்பர் நூல்ல பின்னிட்டு அந்தப் பேர வச்சு விக்கறதும் உண்டு, நனைஞ்சா கஞ்சி மாதிரி ஆயிடும்.

பேரம் பேசலாம், ஆனா அளவு மாத்தித் தர்றேன்னு சொல்றவர்கிட்ட நூறு ரூபாய்க்காக இழுக்காதீங்க, அதுக்குப் பதிலா "வீட்ல போட்டுப் பாத்து சரியில்லன்னா திரும்ப எடுத்துட்டு வரலாமா"ன்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. செஞ்சு வாங்கறதா இருந்தா விசேஷத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க, வாங்கினதும் வீட்ல ஒரு மணி நேரம் தலையில வச்சுகிட்டு சும்மா டிவி பாக்கச் சொல்லுங்க. எங்க தாத்தா கழட்ட மறந்து அப்படியே தூங்கிட்டாரு, அப்ப பாட்டி சொன்னாங்க, இது போதும்னு.

கொண்டு வர்றப்ப அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்க, பஸ்ல மேல வைக்காதீங்க, அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள யாராவது மேல பை வச்சு அமுக்கிடுவாங்க, மடியிலயே வச்சுக்கோங்க. வீட்ல வெள்ளை மல் துணில சுத்தி வைங்க, உள்ள பழைய பேப்பர் உருண்டை வச்சு உருவம் கெடாம பாத்துக்கோங்க, அச்சு மை ஒட்டும்ங்கறதால பேப்பர துணில சுத்தி வைக்கறது நல்லது. சென்ட் அடிக்கறதா இருந்தா பேட்டா வைக்கறதுக்கு முன்னாடியே சட்டைக்கு அடிச்சுடுங்க, ஜரிகைல பட்டா கறுத்துடும், பூச்சி உருண்டையும் ஜரிகைய ஒட்டினாப்ல போடாதீங்க. மழைக்காலத்துல மாசம் ஒருக்கா வெளிய எடுத்து காத்தோட்டமா நிழல்ல ஒரு மணி நேரம் வச்சு திரும்ப சுத்தி வைங்க.